ஈஸ்னோபீலியாவும் என் மருமகனும்

ஒலிபரப்பான எபிசோடைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுத்தில் தர்றோம். நடுவில் நான் இருமினது, தண்ணி குடிச்சது, பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் எல்லாத்தையும் எடுத்தாச்சு.

இந்த எபிசோடு ஒரு வாட்ஸ்அப் போட்டோவில் ஆரம்பிக்குது. போன தை மாசம், ராத்திரி பதினோரு மணி. டெப்ளாய்மென்ட் முடிச்சுட்டு லேப்டாப்பை மூடப் போறேன். திருச்சுழியிலிருந்து அக்கா ஒரு லேப் ரிப்போர்ட்டை அனுப்புறா. என் மருமகனோட ரத்தப் பரிசோதனை. அவனுக்கு ஆறு வயசு, எடை பதினெட்டு கிலோ. மூணு வயசிலிருந்தே பனிக்காலம் வந்தா நெஞ்சில் விசில் சத்தம் வரும். நாலு மாசமா தினமும் இன்ஹேலர் எடுத்துக்கிட்டு இருந்தான். அந்த வாரம் சளி பிடிச்சு இளைப்பு அதிகமானதில் சிரப் குடுத்து, மூணாம் நாள் ரத்தம் எடுத்திருக்காங்க.

"டேய் தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு"ன்னு ஒரு வாய்ஸ் நோட். வீட்டில் இன்ஜினியரிங் படிச்ச ஒரே ஆள் நான்தான். பைக் ரிப்பேர்ல இருந்து பட்டா மாறுதல் வரைக்கும் எல்லாம் என்கிட்டதான் வரும். நானும் பெரிய ஆள் மாதிரி போட்டோவை ஜூம் பண்ணிப் பார்த்தேன். சி.ஆர்.பி. 3. ஈ.எஸ்.ஆர். 12. ஈஸினோபில் 2 சதவீதம். எந்த எண்ணுக்குப் பக்கத்திலும் நட்சத்திரக் குறி இல்லை. "இன்ஃப்ளமேஷன் எதுவும் இல்லைக்கா, எல்லாம் நார்மல்"னு பதில் போட்டுட்டுத் தூங்கிட்டேன்.

அந்த ஒரு வரியை நான் அனுப்பியிருக்கக் கூடாது. அதை வச்சு மச்சான் இன்ஹேலரை நிறுத்திட்டார். அவர் மேல தப்பு சொல்ல முடியாது. "அழற்சியே இல்லைன்னா அந்தப் பம்ப் எதுக்கு, சின்னப் பையனுக்கு அது பழக்கமாயிரும்"னு அவர் நினைச்சது நியாயமாத்தான் தெரிஞ்சது. மூணு வாரம் கழிச்சு, ராத்திரி ஒன்றரை மணிக்கு, திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வாடகைக் கார் எடுத்துக்கிட்டு ஓடியிருக்காங்க. பையனால ஒரு வாக்கியம் முழுசாப் பேச முடியலை. "அம்மா... தண்ணி..." அவ்வளவுதான் வந்துச்சாம். ஆக்சிஜன், மூணு தடவை நெபுலைசர். விடியும்போது இட்லி கேட்டிருக்கான்.

காலையில் டியூட்டி டாக்டர் அந்தப் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "இந்த ரத்தம் எடுக்குறதுக்கு முன்னாடி பையனுக்கு என்ன மருந்து குடுத்தீங்க?"

அந்தக் கேள்விக்குள்ள என்ன இருக்குன்னு தேடிப் போனதுதான் இந்த எபிசோடு. முன்னாடியே ஒண்ணு சொல்லிடுறேன். நான் டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதுறவன். உங்க வீட்டுக் குழந்தையோட மருந்தைக் கூட்டுறதும் குறைக்கிறதும் அந்தக் குழந்தையைப் பார்க்கிற டாக்டரோட வேலை. என்னை மாதிரி மாமாவோட வேலை இல்லை.

சரி, ஈஸினோபில்னா என்ன?

எங்க ஊர்ப் பக்கம் அதை யாரும் அணுன்னு நினைக்கிறதில்லை. அதுவே ஒரு நோயோட பேர். "அவனுக்கு ஈஸ்னோபீலியா இருக்கு, ஐஸ் குடுக்காதீங்க"ன்னு எங்க அப்பத்தா ஊர் பூரா சொல்லி வச்சிருந்துச்சு. என்னைப் பத்தித்தான். நான் அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவன். பள்ளிக்கூடம் படிக்கிறப்போ ராத்திரி இருமலுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்து, "ஈஸ்னோபீலியா"ன்னு எழுதி, மூணு வாரத்துக்கு ஒரு மாத்திரை குடுத்தாங்க. உங்க வீட்டிலும் அப்பா அம்மா தலைமுறையைக் கேட்டுப் பாருங்க, பாதிப் பேருக்கு இந்த வார்த்தை தெரிஞ்சிருக்கும். மத்த நாட்டில் டாக்டர் மட்டும் சொல்ற வார்த்தை எப்படி நம்ம ஊர்த் திண்ணை வரைக்கும் வந்துச்சு? அதுக்கு ஒரு கதை இருக்கு.

1879இல் ஜெர்மனியில் பால் எர்லிக்னு ஒரு இளம் மருத்துவர், ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயப் பட்டறைச் சாயங்களை ஊத்தி ஊத்திப் பார்த்துக்கிட்டு இருந்தார். ஈயோசின்னு ஒரு இளஞ்சிவப்புச் சாயம். கிரேக்கப் புராணத்தில் விடியலோட தேவதை ஈயோஸ், அந்தப் பேர்தான் சாயத்துக்கு. சில வெள்ளை அணுக்கள் மட்டும் அந்தச் சாயத்தை ஆசையா உறிஞ்சி, உள்ளே இருக்கிற குருணை குருணையான பைகள் எல்லாம் செக்கச் செவேல்னு ஆயிடுச்சு. ஈயோசினை விரும்புற அணு, அதனால ஈஸினோபில். அதே 1879 டிசம்பர் 30ஆம் தேதிதான் திருச்சுழியில் ரமண மகரிஷி பிறந்தார். ரெண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஊர்ப் பெருமைக்கு ஒரு வரி, அவ்வளவுதான்.

அந்தக் குருணைப் பைகளுக்குள்ள இருக்கிறது கடுமையான புரதங்கள். புழு மாதிரி பெரிய எதிரி வந்தா, அதை விழுங்க முடியாது. அதனால மேல ஊத்தி அரிக்கிறதுக்கு. ஆஸ்துமா இருக்கிற குழந்தைகள் பலருக்கு உடம்பு மகரந்தத்தையும் தூசியையும் புழு மாதிரி நினைச்சுக்குது. இன்டர்லூக்கின் 5னு ஒரு செய்தி எலும்பு மஜ்ஜைக்குப் போகும். அங்கே ஈஸினோபில் உற்பத்தி கூடும், ரத்தம் வழியா மூச்சுக்குழாய்க்கு வரும், எதிரியே இல்லாத இடத்தில் ஆசிடைக் கொட்டும். குழாயோட உள்சுவர் புண்ணாகி, வீங்கி, சளி கட்டி, சுத்தியிருக்கிற தசை சின்னத் தூண்டுதலுக்கே இறுகிடும். விசில் சத்தம் அங்கிருந்துதான் வருது.

இதில் கவனிக்க வேண்டியது, ரத்தம் அந்த அணுவுக்கு வெறும் பஸ் ஸ்டாண்டுதான். மஜ்ஜையில் ஏறி, சில மணி நேரம் ரத்தத்தில் நின்னு, திசுக்களுக்குப் போயிடும். ரத்தத்தில் ஒண்ணு இருந்தா திசுக்களில் நூத்துக்கும் மேல இருக்கும்னு சொல்றாங்க. மாட்டுத்தாவணியில் நிக்கிற கூட்டத்தை எண்ணி மதுரையோட மக்கள்தொகையைச் சொல்ற மாதிரிதான் ரத்த ஈஸினோபில் எண்ணிக்கை. பிரயோஜனம் உண்டு. ஆனா எந்த நேரத்தில் எண்ணினோம்ங்கிறது ரொம்ப முக்கியம்.

இப்போ நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 1940இல், அப்போ மதராஸ் மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளிக்குப் பக்கத்தில், ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் ஃப்ரிமட் மோலர், பார்ட்டன்னு ரெண்டு மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினாங்க. காசநோய்னு அனுப்பப்பட்டவங்களில் சிலருக்குக் காசநோயே இல்லை. ராத்திரி இருமல், இளைப்பு, எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியா நிழல், ரத்தத்தில் மலை மாதிரி ஈஸினோபில். 1943இல் வைன்கார்ட்டன்னு இன்னொருத்தர் இந்தியாவில் பார்த்த இதே மாதிரி நோயாளிகளைப் பத்தி லான்செட் இதழில் எழுதி, வெப்பமண்டல ஈஸினோபீலியான்னு பேர் வச்சார். அதில் ஒரு நோயாளிக்கு சிஃபிலிஸும் இருந்ததால ஆர்சனிக் ஊசி போட்டாங்க. பார்த்தா இளைப்பும் சேர்ந்து போயிடுச்சு. அந்த ஆர்சனிக் மருந்துக் குடும்பத்தை உருவாக்கினதும் அதே பால் எர்லிக்தான். அணுவைக் கண்டுபிடிச்சவரோட மருந்தே அறுபது வருஷம் கழிச்சு அந்த அணுவை அடக்கியிருக்கு. யாரும் திட்டம் போட்டுச் செய்யலை.

காரணம் என்னன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. யானைக்கால் நோயை உண்டாக்குற ஃபைலேரியா புழுவோட நுண்குஞ்சுகள் நுரையீரலில் மாட்டிக்கும்போது சிலரோட உடம்பு அளவுக்கு மீறிக் கோபப்படுது. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் யானைக்கால் எவ்வளவு சாதாரணமா இருந்துச்சுன்னு பெரியவங்களுக்குத் தெரியும். அதுக்கு மருந்து டைஎத்தில் கார்பமசின். ஹெட்ரசான்னு பேர். அமெரிக்காவில் லெடர்லி நிறுவனத்தில் 1940களில் அதைக் கொண்டுவந்த குழுவுக்குத் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிச்சவர், கதர் கட்டினதால எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காம எல்.எம்.எஸ். சான்றிதழோட வெளியே வந்தவர். அவரைப் பத்தித் தனி எபிசோடே பண்ணலாம். மூணு வாரம் அந்த மாத்திரையைச் சாப்பிட்டா ஈஸினோபில் சரசரன்னு இறங்கிடும்.

இப்படித்தான் "ஈஸ்னோபீலியா"ங்கிறது நம்ம ஊரில் ஒரு நோயாவும், மூணு வார மாத்திரை அதுக்குச் சிகிச்சையாவும் ஆச்சு. உண்மையான வெப்பமண்டல ஈஸினோபீலியாவில் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 3,000க்கு மேல போகும். ஆஸ்துமாக் குழந்தைக்குப் பெரும்பாலும் சில நூறுகள்தான், சமயத்தில் ஆயிரத்தைத் தொடும். ரெண்டுக்கும் ராத்திரி இருமல், ரெண்டுக்கும் விசில். எனக்குக் குடுத்தது அந்த மாத்திரைதான். எனக்கு இருந்தது ஆஸ்துமான்னு பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறப்போதான் ஒருத்தர் வாய்விட்டுச் சொன்னார். அப்பத்தாவுக்கு அந்த வார்த்தை பிடிக்கலை. "ஈஸ்னோபீலியான்னா சரியாப்போகும், ஆஸ்துமான்னா பொண்ணு குடுக்க மாட்டாங்க."

அது சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை. குழந்தைகள், பெரியவங்கன்னு எல்லாரையும் சேர்த்து, உலக ஆஸ்துமா வலையமைப்பு இந்தியாவில் நடத்தின ஆய்வில், இளைப்பு இருக்கிறவங்களில் 82 சதவீதம் பேருக்கு ஆஸ்துமான்னு யாரும் கண்டுபிடிச்சே சொல்லியிருக்கலை. உலகத்தோட ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கோம். ஆஸ்துமாச் சாவுகளில் நம்ம பங்கு 40 சதவீதத்துக்கும் மேல. பேர் வைக்காத நோய்க்கு யார் தினமும் மருந்து எடுப்பாங்க?

ரிப்போர்ட்டுக்குத் திரும்பி வருவோம். நான் முதலில் பார்த்து நிம்மதி ஆனது சி.ஆர்.பி. கூகுள்ல தேடினா "அழற்சியின் குறியீடு"ன்னு வரும். அழற்சி இல்லைன்னா ஆஸ்துமா அடங்கிடுச்சுன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டேன். தப்பு அங்கேதான் ஆரம்பிச்சது. அழற்சின்னா ஒரே நெருப்பு இல்லை.

சி.ஆர்.பி.யை 1930இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட்டும் ஃபிரான்சிஸும் கண்டுபிடிச்சாங்க. நிமோனியா வந்தவங்க ரத்தத்தில், அந்தக் கிருமியோட சி எனப்படுற சர்க்கரைப் பொருளோட ஒட்டிக்கிற ஒரு புரதம். அதைச் செய்யுறது கல்லீரல். இன்டர்லூக்கின் 6ங்கிற செய்தி வந்தாத்தான் கல்லீரல் அதை மூட்டை மூட்டையா இறக்கும். பாக்டீரியாத் தொற்று, பெரிய காயம், இதுக்கெல்லாம் அந்தச் செய்தி பலமாப் போகும். சில மணி நேரத்தில் ஏற ஆரம்பிச்சு ரெண்டு நாளில் உச்சத்துக்குப் போயிடும். ஒவ்வாமை ஆஸ்துமாவில் ஓடுற செய்திகள் வேற: இன்டர்லூக்கின் 4, 5, 13. அது மூச்சுக்குழாய்த் தெருவுக்குள்ளயே நடக்கிற சண்டை, கல்லீரலுக்குத் தகவலே போகாது. அதனால மூச்சுக்குழாய் புண்ணாக் கிடக்கிற குழந்தைக்கும் சி.ஆர்.பி. 3னு வரலாம். அது பொய் சொல்லலை. நான் கேட்ட கேள்வி அதுக்கானது இல்லை, அவ்வளவுதான்.

எங்க வேலையில் இதைத் தினமும் பார்க்கிறோம். நெட்வொர்க் மானிட்டர் பச்சையா இருக்கும், டேட்டாபேஸ் செத்துக் கிடக்கும். பச்சை விளக்கைப் பார்த்துட்டு மேனேஜர் சந்தோஷமா வீட்டுக்குப் போவார்.

அப்போ ஆஸ்துமாக் குழந்தைக்கு சி.ஆர்.பி. எதுக்குப் பார்க்கிறாங்க? காய்ச்சலும் இளைப்பும் சேர்ந்து வரும்போது, பின்னாடி நிமோனியா மாதிரி பாக்டீரியாத் தொற்று இருக்கான்னு யோசிக்க அது ஒரு துப்பு. அன்னைக்கு அதுக்காகத்தான் எழுதியிருக்காங்க. ஈ.எஸ்.ஆரும் ஏறக்குறைய அப்படித்தான், இன்னும் பழைய, இன்னும் மெதுவான மணி. உடல் பருமன் இருக்கிற ஆஸ்துமாக்காரங்களில் சிலருக்கு சி.ஆர்.பி. கொஞ்சம் ஏறியே இருக்கும், அது வேற வகை. பதினெட்டு கிலோ பையனுக்கு அந்தக் கதை பொருந்தாது.

அடுத்தது ஈஸினோபில் 2 சதவீதம். இதில் எனக்கு ரெண்டு கோட்டை விட்டுப்போச்சு.

ஒண்ணு, சதவீதம். 2 சதவீதம்னா எதில் 2 சதவீதம்? மொத்த வெள்ளை அணுக்களில். மொத்தம் மாறினா சதவீதமும் மாறும், ஈஸினோபில் ஒண்ணுகூட மாறாமலே. அதனால மொத்த எண்ணிக்கையையும் சதவீதத்தையும் பெருக்கி வர்ற எண்ணைத்தான் பார்க்கணும். ஏ.இ.சி.ன்னு ரிப்போர்ட்டில் இருக்கும், இல்லைன்னா நீங்களே போட்டுக்கலாம். பையனோட முந்தின ஆகஸ்ட் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். வெள்ளை அணு 9,200, ஈஸினோபில் 9 சதவீதம். பெருக்கினா 828. பொதுவா 500க்கு மேல போனா ஈஸினோபீலியான்னு சொல்வாங்க. தை மாச ரிப்போர்ட்டில் வெள்ளை அணு 11,000, ஈஸினோபில் 2 சதவீதம். பெருக்கினா 220. அஞ்சு மாசத்தில் 828லிருந்து 220. இன்ஹேலரும் கொஞ்சம் குறைச்சிருக்கலாம். ஆனா இவ்வளவு பெரிய சரிவை, அதுவும் பையன் இளைச்சுக்கிட்டு இருக்கிற வாரத்தில்? நான் அதைக் குணமாயிட்டான்னு படிச்சேன்.

ரெண்டாவதுதான் அந்த டாக்டரோட கேள்வி. மூணு நாளாக் குடுத்த சிரப் பிரெட்னிசலோன். ஸ்டீராய்டு. வாய் வழியாக் குடுத்த சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் இருக்கிற ஈஸினோபில் காணாமப் போயிடும். கூடவே நியூட்ரோபில் ஏறும், அதான் மொத்தம் 11,000. பையனுக்குக் குடுத்த மருந்தோட கையெழுத்து அந்த ரிப்போர்ட் பூரா இருந்துச்சு, எனக்குப் படிக்கத் தெரியலை. சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிட்டு உடனே மெமரி கிராஃபைப் பார்த்து "லீக்கே இல்லையே"ன்னு சொல்ற ஜூனியர் டெவலப்பரை நான் திட்டியிருக்கேன். அதே வேலையை நானே செஞ்சிருக்கேன்.

இன்னொண்ணும் இருக்கு. மருந்தே இல்லாட்டாலும் இந்த எண் ஒரே நாளுக்குள்ள ஏறி இறங்கும். உடம்பே செய்யுற ஸ்டீராய்டான கார்டிசால் காலையில் அதிகம், அதனால ஈஸினோபில் காலையில் குறைவு, ராத்திரியில் அதிகம். காலை பத்து மணிக்கு எடுத்ததையும் ராத்திரி எட்டு மணிக்கு எடுத்ததையும் பக்கத்தில் வச்சு ஒப்பிட்டா பாதி வித்தியாசம் கடிகாரத்தோடதா இருக்கலாம்.

மேல போகிறதும் எப்பவும் ஆஸ்துமா இல்லை. வெறுங்காலோடு விளையாடுற குழந்தைக்குக் குடற்புழு இருந்தா ஈஸினோபில் ஏறும், அந்த அணு பொறந்ததே அதுக்குத்தானே. பிப்ரவரி 10ஆம் தேதியும் ஆகஸ்டிலும் பள்ளிக்கூடம், அங்கன்வாடிகளில் அல்பெண்டசோல் மாத்திரை குடுக்கிறாங்களே, குடற்புழு நீக்க நாள், அதை எப்போ போட்டாங்கன்னும் டாக்டருக்குச் சொல்றது நல்லது. கரப்பான், தோல் ஒவ்வாமை, சில மருந்துகள், எல்லாமே ஏத்தும்.

ஐ.ஜி.இ.யும் இதே வம்புதான். 1921இல் ஜெர்மனியில் பிரவுஸ்னிட்ஸ்ங்கிற மருத்துவர், மீன் ஒத்துக்காத தன் நண்பர் குஸ்ட்னரோட ரத்தநீரைத் தன் தோலில் ஊசியா ஏத்திக்கிட்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏத்தினார். அந்த இடம் மட்டும் தடிச்சு வீங்கிடுச்சு. ரத்தத்தில் ஏதோ ஒண்ணு ஒவ்வாமையைச் சுமந்துக்கிட்டுப் போகுதுன்னு புரிஞ்சது. அது என்னன்னு தெரிய 1960களின் பின்பாதி வரைக்கும் ஆச்சு. அமெரிக்காவில் இஷிசாகா தம்பதி, ஸ்வீடனில் யோஹான்சனும் பென்னிக்கும், தனித்தனியாக் கண்டுபிடிச்சாங்க, 1968இல் ஐ.ஜி.இ.ன்னு பேர் வச்சாங்க. மொத்த ஐ.ஜி.இ. ஏறியிருந்தா ஒவ்வாமைச் சுபாவம் இருக்கலாம், இல்லை வயித்தில் புழு இருக்கலாம். நம்ம மாதிரி ஊரில் தனியா அந்த ஒரு எண்ணை வச்சு எதுவும் சொல்ல முடியாது. எந்தப் பொருளுக்கு எதிரான ஐ.ஜி.இ.ன்னு பிரிச்சுப் பார்க்கிற பரிசோதனை கொஞ்சம் உதவும், செலவும் கூட.

"அப்போ எதுக்குடா ரத்தமே எடுக்கணும்?" இது அக்கா கேட்டது. நல்ல கேள்வி.

ஆஸ்துமா இருக்கா இல்லையான்னு சொல்ல ரத்தம் வேணாம். விட்டு விட்டு வர்ற இளைப்பு, ராத்திரி இருமல், விளையாடினா மூச்சு வாங்குறது, மருந்து குடுத்தா திறக்கிறது, குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறது. இதை உக்காந்து கேக்குறதுதான் முதல் பரிசோதனை. ஊதத் தெரிஞ்ச வயசுன்னா ஸ்பைரோமெட்ரி. ரத்தம் வர்றது அடுத்த கட்டத்தில்: இது எந்த வகை, எந்த மருந்துக்குக் கேட்கும்?

அமெரிக்காவில் டூசான் நகரத்தில் 1980லிருந்து பிறந்த குழந்தைகளைப் பல வருஷம் பின்தொடர்ந்தாங்க. டூசானும் வறண்ட பூமிதான், நம்ம சீமைக்கருவேலத்தோட உறவுக்கார மரங்கள் நிக்கிற ஊர். மூணு வயசுக்குள்ள இளைக்கிற குழந்தைகளில் யாருக்குப் பின்னாடி ஆஸ்துமா நிலைக்கும்னு ஊகிக்க 2000இல் ஒரு கணக்கு போட்டாங்க. பெற்றவங்களுக்கு ஆஸ்துமா, குழந்தைக்குக் கரப்பான், இது ரெண்டும் பெரிய காரணிகள். ரத்தத்தில் ஈஸினோபில் 4 சதவீதமோ அதுக்கு மேலயோ இருக்கிறது, சளி இல்லாமலே இளைக்கிறது, மூக்கு ஒவ்வாமை, இதெல்லாம் சின்னக் காரணிகள். அம்மாவோட ஆஸ்துமா பெரிய சாட்சி, ரத்த எண் சின்னச் சாட்சி. இந்த வரிசை எனக்குப் பிடிச்சிருந்தது.

சிகிச்சையில் அந்த எண்ணுக்கு இன்னும் மதிப்பு கூடுது. 2016இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், ஒண்ணு முதல் நாலு வயசு வரைக்கும் உள்ள குழந்தைகளில், ஈஸினோபில் 300க்கு மேல இருந்தவங்களுக்கும் காற்றில் வர்ற பொருளுக்கு ஒவ்வாமை இருந்தவங்களுக்கும் தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் நல்லாக் கேட்டுச்சு. அப்படிப் பார்த்தா என் மருமகனோட 828, இன்ஹேலரை நிறுத்தாதேன்னு கத்தின எண். அது அலமாரியில் ஃபைலுக்குள்ள கிடந்துச்சு.

அதுக்காக எண்ணைக் கீழே இறக்கிட்டா நோய் தீர்ந்துச்சுன்னும் இல்லை. 2022இல் லான்செட்டில் வந்த இன்னொரு ஆய்வு. அமெரிக்க நகரங்களில் வருமானம் குறைஞ்ச பகுதிகளைச் சேர்ந்த 6 முதல் 17 வயசுக் குழந்தைகள், ஈஸினோபில் 150க்கு மேல. இன்டர்லூக்கின் 5ஐத் தடுக்கிற மெபோலிசுமாப் ஊசியை ஒரு வருஷம் போட்டாங்க. ரத்தத்தில் ஈஸினோபில் தரையைத் தொட்டுச்சு. ஆனா கடுமையான தாக்குதல் குறைஞ்சது 27 சதவீதம்தான். அணு போனாலும் மிச்ச வீக்கம் வேற வழியில் ஓடிக்கிட்டே இருந்துச்சு. எங்க அப்பத்தா காலத்து "மூணு வாரம் மாத்திரை, ஈஸ்னோ இறங்கிடுச்சு, முடிஞ்சது" கணக்கு ஆஸ்துமாவில் ஏன் தோத்துப்போகுதுன்னு இதிலிருந்து புரிஞ்சுக்கலாம்.

ஊரைப் பத்தி ஒரு வார்த்தை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போற வழியில் ரெண்டு பக்கமும் கரிசல், சீமைக்கருவேலம். மழை முடிஞ்சா கரிமூட்டம் போடுவாங்க. விறகை அடுக்கி, வைக்கோல் போட்டு, மண்ணைப் பூசி நாள்கணக்கில் புகைய விடுறது. நிறையக் குடும்பங்களுக்கு அதுதான் சோறு, அதனால நிறுத்துங்கன்னு சென்னையில் உக்காந்துக்கிட்டு நான் சொல்லப் போறதில்லை. ஆனா புகையால வர்ற எரிச்சலுக்கு ஈஸினோபில் தேவையில்லை. புகை நேரடியாவே மூச்சுக்குழாயை இறுக்கும், பெரும்பாலும் நியூட்ரோபில் வழியில் வேலை செய்யும். சீமைக்கருவேல மகரந்தம் வேற மாதிரி, அது ஒவ்வாமை வழியில் போகும், ஈஸினோபிலை எழுப்பும். ஒரே மரம், பூவா வந்தா ரிப்போர்ட்டில் தெரியும், புகையா வந்தா தெரியாமலும் போகலாம். அந்தத் தை மாசம் அக்கா வீட்டுக்குக் கிழக்கே ரெண்டு மூட்டம் புகைஞ்சுக்கிட்டு இருந்துச்சுன்னு பின்னாடிதான் பேச்சுவாக்கில் சொன்னா.

இன்ஹேலர் பயத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. மச்சானுக்கு நான் போன்ல போட்டுக் காமிச்சது. தாக்குதல் வந்தா குடுக்கிற பிரெட்னிசலோன், பதினெட்டு கிலோ பையனுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 18 மில்லிகிராம்னு வச்சுக்கலாம். அதாவது 18,000 மைக்ரோகிராம், ரத்தம் வழியா உடம்பு பூரா. இன்ஹேலரில் ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம், பெரும்பகுதி நுரையீரலுக்கும் தொண்டைக்கும். ரெண்டும் வேற வேற ஸ்டீராய்டு, அதனால நேருக்கு நேர் கணக்கு இல்லைதான். ஆனாலும் பம்ப்புக்குப் பயந்து நிறுத்தி, சிரப்பில் மாட்டுறது சில்லறைக்குப் பயந்து நோட்டைத் தொலைக்கிற கதை. மச்சான் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல மாப்ள"ன்னார். சொல்லியிருக்கலாம்.

பையன் இப்போ திரும்ப தினமும் எடுக்கிறான், ஸ்பேசர் வச்சு, எடுத்துட்டு வாய் கொப்பளிச்சு. சிரப் நிறுத்தி ஆறு வாரம் கழிச்சு டாக்டர் எழுதிக் குடுத்து எடுத்த ரத்தத்தில் வெள்ளை அணு 8,400, ஈஸினோபில் 8 சதவீதம். கணக்கு உங்களுக்கே வந்திருக்கும், 672. இந்தத் தடவை நான் பார்த்துட்டு எதுவும் சொல்லலை. "டாக்டர்கிட்ட காமிச்சியாக்கா?"ன்னு மட்டும் கேட்டேன். காமிச்சிருந்தா. மூணு மாசம் இதே அளவு, அப்புறம் பார்க்கலாம்னு சொல்லியிருக்கார்.

அக்கா இப்போ ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கா. ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் ஒரு பக்கம். மேல தேதி, எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தது, அந்த வாரம் என்ன சிரப் எத்தனை நாள், புழு மாத்திரை எப்போ, ராத்திரி எத்தனை தடவை இருமினான். கடைசிப் பத்தியில், எங்கேயாவது மூட்டம் போட்டிருக்காங்களா. லேப்காரங்க அச்சடிக்காத பத்தி எல்லாம் அதில் இருக்கு. எங்க டீமில் யாரும் இவ்வளவு ஒழுங்கா லாக் எழுதுறதில்லை.

நேயர்கள் அனுப்பின கேள்விகளில் ஒண்ணே ஒண்ணு. "ஏ.இ.சி. 450 வந்திருக்கு, பயப்படணுமா?"ன்னு கோயம்புத்தூர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. குழந்தைக்கு இளைப்பு இருக்கா, எப்போ எடுத்தது, என்ன மருந்தில் இருக்காங்கன்னு நீங்க எழுதலை. எழுதியிருந்தாலும் நான் பதில் சொல்ல மாட்டேன், ஒரு தடவை சொல்லி மாட்டினது போதும். அந்த மூணையும் ஒரு தாளில் எழுதிக்கிட்டு உங்க குழந்தை டாக்டரைப் பாருங்க.

அடுத்த எபிசோடில் பீக் ஃப்ளோ மீட்டர். வீட்டிலேயே ஊதிப் பார்க்கிற கருவி. என் மருமகன் அதை ஊதல்னு நினைச்சு மூணு நாள் தெரு பூரா ஊதிக்கிட்டுத் திரிஞ்சிருக்கான். வரட்டுமா.